பட்டுச் சேலையில் பெயர் வராது, வெப்சைட்டிலாவது வரட்டும்: காஞ்சி டிசைனர்களுக்கு ஏன் போர்ட்ஃபோலியோ அவசியம்?

காஞ்சிப் பட்டுச் சேலை ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கடைப் பெயர் இருக்கும், விலை இருக்கும், சில்க் மார்க் முத்திரை இருக்கும். கோ-ஆப்டெக்ஸ் சேலை என்றால் நெய்தவரின் பெயரும் படமும் போட்ட அட்டைகூட இருக்கலாம். ஆனால், அந்த முந்தியை வரைந்தது யார்? அதற்கு மட்டும் பதில் இருக்காது.

வரைந்தவருக்கு அடுத்த வேலை வருவது பெரும்பாலும் வாய்வழியாகத்தான். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் திருப்புட்குழியில் ஒரு டிசைனர் இருந்தால், அவரை உள்ளூர்ப் பட்டு வியாபாரிகளுக்குத் தெரியும். சென்னை விளம்பர நிறுவனத்துக்கோ, பெங்களூரு ஆடை பிராண்டுக்கோ தெரியாது. சேலை டிசைனோடு கல்யாணப் பத்திரிகை, கடை லோகோ, கோயில் திருவிழா போஸ்டர் என எல்லாம் செய்பவராக இருந்தாலும் இதே கதைதான். இதை மாற்ற சொந்தமாக ஒரு போர்ட்ஃபோலியோ வெப்சைட் வேண்டும். அது வெறும் போட்டோ ஆல்பமாக இருந்தால் பிரயோஜனம் இல்லை.

இன்ஸ்டா போதாதா?

நாலு பேருக்குத் தெரியவைக்க இன்ஸ்டாகிராம் நல்லதுதான். ஆனால், அங்கே எது யார் கண்ணில் படும் என்பதை முடிவு செய்வது டிசைனர் இல்லை. அவசரமாகச் செய்த பொங்கல் வாழ்த்தும், மாதக்கணக்கில் உழைத்த வேலையும் ஒரே அளவு கட்டத்தில் நிற்கும். 2012-ல் அடோபி வாங்கிய பிஹான்ஸ் தளம் இதைவிடப் பரவாயில்லை. ஒரு வேலையை விரிவாகச் சொல்ல அங்கே இடம் உண்டு. சொந்த சைட்டும் பெரிய செலவு இல்லை. டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டினால், எளிமையான சைட்டை கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவையில் இலவசமாகவே ஏற்றலாம்.

என்ன வைக்கணும்?

ஆறு முதல் எட்டு வேலைகள் போதும். ஐம்பது வைத்தால், பார்ப்பவர் கண்ணில் படுவது பெரும்பாலும் சுமாரானதுதான். திறந்ததுமே பெயர், ஊர், என்ன வேலை செய்கிறார், எப்படித் தொடர்புகொள்வது ஆகியவை தெரியணும். கடைக்காரர் போனில்தான் பார்ப்பார் என்பதால், படங்களின் எடையைக் குறைத்துப் போடணும். சுற்றிக்கொண்டே இருக்கும் சைட்டுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் அடிப்படை. உண்மையான வித்தியாசம் படத்துக்குக் கீழே எழுதும் நாலு வரியில் இருக்கிறது. கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த ரூபாய் சின்னத்தை மத்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றுக்கொண்டது. தேவநாகரி ‘ர’, ரோமன் ‘ஆர்’ இரண்டையும் எப்படி இணைத்தார், மேல்கோடு ஏன் என்று காரணத்தோடு பார்க்கும்போதுதான் அதன் அருமை புரிகிறது.

பட்டு டிசைனருக்குச் சொல்ல இதைவிட நிறையவே உண்டு. ஜக்கார்டில் 240 கொக்கி என்றால், அன்னமோ மயிலோ அந்த எண்ணிக்கைக்குள் அடங்கணும். கிராஃப் தாளின் ஒவ்வொரு கட்டமும், அந்த இடத்தில் பாவு நூல் மேலே வரணுமா, கீழே போகணுமா என்ற முடிவு. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேரும் கோர்வை என்றால் கணக்கு இன்னும் கூடும். ‘ஜரிகைச் செலவைக் குறைக்கச் சொன்னார்கள், அதனால் தோகையைக் கோடுகளாக மாற்றினேன்’ என்ற ஒரே வரி, பத்துப் படம் சொல்லாததைச் சொல்லிவிடும். கிராஃப், கம்ப்யூட்டர் வரைவு, நெய்த சேலை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

யாராவது சுட்டுவிட்டால்?

நியாயமான பயம். காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு அந்தப் பெயரைத்தான் காக்கும், தனி ஒருவரின் டிசைனை அல்ல. அதற்கு 2000-ம் ஆண்டு டிசைன் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். கையால் செய்யும் உற்பத்தியும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பிப்பதற்கு முன்பே வெளியான டிசைன் சட்டத்தின் பார்வையில் புதியது அல்ல. டிசைனரின் சொந்த சைட்டே அதற்குச் சாட்சியாகிவிடலாம். பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதிவு செய்யாமல் 50 முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். ஆகவே, புது டிசைன் என்றால் முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் அப்லோடு. ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்ட சேலைகளைத் தாராளமாகக் காட்டலாம், உரிமை வேறொருவரிடம் இல்லை என்றால். ருத்ராட்சம், அன்னம் போன்ற மரபு வடிவங்கள் எல்லோருக்கும் பொது. அவற்றைப் புதிதாக அமைத்த விதத்துக்குத்தான் உரிமை கேட்க முடியும்.

காசு கொடுத்து வரையச் சொன்ன கடையிடம் ‘இதை என் சைட்டில் போடலாமா?’ என்று வேலை தொடங்கும்போதே கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கடைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இதற்கு மறுப்புச் சொல்லக் கூடாது. டிசைனர் பெயர் வெளியே தெரிவதால் சேலையின் மதிப்பு குறையப்போவதில்லை. டிசைனருக்கும் ஒரு கடமை இருக்கிறது. தன் பெயருக்குக் கீழே, நெய்தவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு போடணும். தனக்குக் கிடைக்காத மரியாதையைக் கேட்பவர், அதை அடுத்தவருக்குத் தராமல் இருப்பது சரியில்லை.