வண்ண இறால்: கடனுக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: "கல்லூரி முடித்த என் மகள், வண்ண இறால் வளர்த்து விற்கலாம் என்று வெளியூர்க் கடையிலிருந்து 15 சிவப்பு இறால் வரவழைத்தாள். அன்றைக்குத்தான் கண்ணாடித் தொட்டியைக் கழுவி, போர் தண்ணீர் நிரப்பி, திண்ணையில் வைத்தோம். மறுநாள் மாலை கத்தரிக்கு மருந்து அடித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், அந்தக் கையோடு தொட்டி மோட்டாரைச் சரிசெய்தார். மூன்றாம் நாள் காலையில் எல்லாம் செத்துக் கிடந்தன. கடைக்காரர் நோய் பிடித்ததைக் கொடுத்துவிட்டார் என்கிறார் அவர். மகளோ, மகளிர் குழுவில் கடன் எடுத்து 200 இறால் வாங்கினால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்கிறாள். கடன் வாங்கலாமா?"
- ஒரு வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: இப்போது வாங்க வேண்டாம், சகோதரி. மகளின் ஆர்வத்தையும் தடுக்க வேண்டாம். 15 செத்த அதே தண்ணீரில் 200 விட்டால் 200-ம் சாகும். கடைக்காரர்மேல் பழி போடும் முன், உங்கள் கடிதத்திலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன. எது கொன்றது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. மூன்றில் ஒன்றே போதும்.

முதல் காரணம், புதுத் தொட்டி. இறாலின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வரும். வயலில் போட்ட யூரியா அமோனியாவாகி, பிறகு நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாக மாறுகிறது அல்லவா? அதே வேலையைத் தொட்டியிலும் பாக்டீரியாக்கள்தான் செய்ய வேண்டும். அவை ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஃபில்டரை ஓடவிட்டு, கொஞ்சம் நீர்ப்பாசி போட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டு வாருங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று பரிசோதனைக் கிட் காட்டிய பிறகே இறால் விட வேண்டும்.

இரண்டாவது, போர் தண்ணீர். உங்கள் பகுதியில் பல கிணறுகளில் உப்பு அதிகம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, பாசன நீர் மாதிரி என்று மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அறிக்கையில் வரும் இ.சி. அளவை 640-ஆல் பெருக்கினால் தோராயமாக டி.டி.எஸ். கிடைக்கும். செர்ரி இறாலுக்கு இ.சி. 0.3 முதல் 0.5 வரையும், பி.எச். 6.5 முதல் 8 வரையும் இருப்பது நல்லது. உங்கள் தண்ணீர் இ.சி. 2 என்று வைத்துக்கொள்வோம். டி.டி.எஸ். 1,280 ஆகிறது. ஒரு பங்கு போர் தண்ணீருக்கு மூன்று பங்கு மழைநீர் கலந்தால் 320-க்கு வந்துவிடும். முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பிடியுங்கள். வெறும் மழைநீர் மட்டும் ஆகாது. ஓடு கட்ட இறாலுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. அது போர் தண்ணீரில்தான் இருக்கிறது.

மூன்றாவது, மருந்து பட்ட கை. இதைத்தான் விவசாய வீடுகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இறாலும் பூச்சியும் கணுக்காலி இனம், ஒன்றுக்கொன்று பங்காளிகள். பூச்சியைக் கொல்ல நாம் அடிக்கும் சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின், குளோர்பைரிபாஸ், பிப்ரோனில் எல்லாமே இறாலையும் கொல்லும், அதுவும் மிகச் சிறிய அளவிலேயே. மீன் தாங்கும் அளவைக்கூட இறால் தாங்காது. காப்பர் ஆக்ஸிகுளோரைடில் இருக்கும் தாமிரமும் அப்படித்தான். மீன்களுக்கு விற்கும் சில மருந்துகளிலும் தாமிரம் உண்டு. கொசுவிரட்டித் திரவம், சுருள் எரியும் அறையிலும் தொட்டி வைக்கக் கூடாது. ஸ்ப்ரேயர் வைக்கும் திண்ணை தொட்டிக்கு இடமே அல்ல. மருந்து அடித்தவர் குளித்து, துணி மாற்றிய பிறகும் தொட்டிக்குள் கைவிடாமல் இருப்பது நல்லது. அந்த வேலையை மகளே பார்க்கட்டும்.

எப்படித் தொடங்குவது?

மழைக்காலத்தில் தண்ணீர் பிடித்து, தொட்டியைப் பழக்கி, கார்த்திகையில் 15 அல்லது 20 இறாலோடு தொடங்குங்கள். பாலித்தீன் பையிலிருந்து நேரே கொட்டாதீர்கள். பையில் உள்ள தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் விட்டு, சொட்டுநீர் மைக்ரோ டியூபால் தொட்டித் தண்ணீரை அதில் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். ஓரிரு மணி நேரம் கழித்து இறாலை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள்.

பெண் இறால் சற்றுப் பெரியது, நிறமும் அடர்த்தி. வயிற்றடியில் 20, 30 முட்டைகளைச் சுமந்துகொண்டு காலால் விசிறியபடி இருக்கும். மூன்று, நான்கு வாரத்தில் தாயைப் போலவே உருவம் கொண்ட குஞ்சுகள் நேரடியாக வரும். பாசியும், காய்ந்து உதிர்ந்த வாதாங்கொட்டை மர இலையும் இருந்தால் குஞ்சுகளுக்கு ஒளிய இடமும் மேய இடமும் கிடைக்கும். மீன் சேர்க்காதீர்கள். குஞ்சுகளைத் தின்றுவிடும். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். இரண்டு மூன்று தலைமுறையில் நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

தீனி குறைவாகவே போதும். மருந்து படாத முருங்கைக் கீரையை வெந்நீரில் போட்டு எடுத்து வாரம் இரண்டு முறை கொடுக்கலாம். சில மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். தொட்டியில் வெள்ளையாக ஒரு கூடு கிடந்தால் பதற வேண்டாம். இறால் தோலுரித்திருக்கிறது. அப்படியே விட்டால் அதையே தின்றுகொள்ளும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். புதுத் தண்ணீரும் அதே இ.சி.யில் இருக்கட்டும்.

உண்மையான பரீட்சை சித்திரை, வைகாசியில்தான். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. வீட்டிலேயே குளிர்ந்த அறையில் தரையோரம் தொட்டியை வையுங்கள். மேல்மூடியை எடுத்து வலை கட்டி, சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மழைநீர் மட்டும் ஊற்றுங்கள்.

ஒரு கோடையைத் தாண்டி, உங்கள் வீட்டில் பிறந்த இறாலே முட்டை சுமந்தால், அப்போது கடனைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் பக்கத்து நகரத்து மீன் கடைகளில் மகளே நேரில் கேட்கட்டும்: மாதம் எத்தனை எடுப்பீர்கள், என்ன விலை தருவீர்கள் என்று. கடையில் விற்கும் விலை வேறு, நமக்குக் கொடுக்கும் விலை வேறு. "நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லித் தாய் இறால் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். வளர்த்தது மிஞ்சினாலும் ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். இது கிழக்காசிய இனம். ஜெர்மனியிலும் போலந்திலும் தொட்டியிலிருந்து தப்பியவை ஆற்று நீரில் பெருகியிருக்கின்றன.

கேள்வி: "சாப்பிடும் நன்னீர் இறாலை வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைக்கலாமா?"
- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: முடியாது. குளத்தில் வளர்க்கும் பெரிய நன்னீர் இறால் நன்னீரில் வளர்ந்தாலும், அதன் இளம்புழு உப்பு கலந்த முகத்துவார நீரில்தான் பிழைக்கும். 1960-களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் ஷாவ் வென் லிங் இதைக் கண்டறிந்த பிறகுதான் செயற்கைக் குஞ்சு உற்பத்தியே சாத்தியமானது. குளம் இருந்தால் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வாங்கி விடுங்கள். அதற்கு முன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் பேசிவிடுங்கள். வண்ண இறால் வாங்குவோருக்கும் இது பொருந்தும். பாசி தின்பதற்காகக் கடைகளில் விற்கும் அமானோ இறாலும் நன்னீரில் பெருகாது. பெருக்கி விற்கும் எண்ணம் இருந்தால் செர்ரி இறால் என்றே கேட்டு வாங்குங்கள்.

தொட்டி, குளம் பற்றிக் கேள்வி அனுப்புவோர் தண்ணீர் அறிக்கையின் நகலையும், வீட்டில் பயன்படுத்தும் மருந்துகளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.