மூட்டை சுமப்பவர் வேலை செய்யவில்லையா?

இயற்பியல் வகுப்பறையில் தமிழாசிரியருக்கு என்ன பணி என்று சிலர் வினவக்கூடும். உயர்நிலைப் பள்ளி மாணவர் இயற்பியலில் எழுப்பும் ஐயங்களைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுட் பல கணக்கினால் விளைந்தவை அல்ல, சொல்லினால் விளைந்தவை என்பது புலப்படும். தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வருவோருள் சிலர், "எனக்கு இயற்பியல் வராது" என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு வேறு பாடம் தேடுகின்றனர். அவர்களை மருட்டியது பெரும்பாலும் என்றோ கேட்டு விடை பெறாத ஒரு கேள்விதான்.

அத்தகைய கேள்விகளுள் தலையாயது 'வேலை' பற்றியது. 50 கிலோ அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அசையாது நிற்பவர் வேலை எதுவும் செய்யவில்லை என்கிறது பாடநூல். மாணவன் திகைக்கிறான். அவன் தந்தையே மண்டியில் மூட்டை சுமப்பவராக இருக்கலாம். வியர்வை வழிய நிற்பவர் வேலை செய்யவில்லையெனில் கூலி எதற்கு என்று அவன் கேட்பதைக் குறும்பு என்று தள்ளுதல் தகாது. இயற்பியல், 'வேலை' என்னும் சொல்லை நம் வழக்கிலிருந்து கடன் வாங்கி, அதன் பொருளைச் சுருக்கிக்கொண்டது. ஒரு விசை செயற்படும் திசையில் பொருள் நகர்ந்தால்தான் அங்கு அவ்விசை வேலை செய்ததாகக் கணக்கு. அம்மூட்டையைத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியபோது செய்த வேலை ஏறத்தாழ 735 ஜூல். தூக்கிய பின் வெறுமனே நிற்கையில் மூட்டையின் மீது செய்யப்படும் வேலை சுழி. களைப்பு எங்கிருந்து வந்தது? மூட்டையைத் தாங்கும் பொருட்டுத் தசைநார்கள் ஓயாது இழுத்துக்கொண்டே இருக்கின்றன. உணவு தந்த ஆற்றல் அதில் செலவாகி வெப்பமாகிறது. அதே மூட்டையை ஒரு மேசை நாள் முழுதும் தாங்கும்; மேசைக்குப் பசிப்பதில்லை. இதனை விளக்க ஐந்து நிமிடம் போதும். ஆயினும், "தேர்வுக்கு இது வராது, உட்கார்" என்னும் விடையே பல வகுப்புகளில் கிடைக்கிறது.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட மூன்றாம் விதியின் கதையும் இதுவே. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று மாணவர் தடையின்றி ஒப்பிப்பர். ஆனால் தமிழில் 'வினை' என்பது பழுத்த சொல். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்னும் பழமொழியில் விதைப்பு முன்னும் அறுப்பு பின்னும் நிகழ்கின்றன. அப்பழக்கத்தில் ஊறிய மாணவி, வினை முதலில் நிகழ, எதிர்வினை பிறகு வருவதாகவே எண்ணுகிறாள். உண்மையில் இரு விசைகளும் ஒரே கணத்தில் தோன்றுவன. எதனை வினை என்பது நம் வசதியே. 'விசை, எதிர்விசை' என்றே வழங்குதல் நன்று என்பது என் கருத்து.

இவ்விதியை ஒட்டி எழும் மற்றொரு கேள்வி இன்னும் கூரியது. குதிரை வண்டியை இழுக்கும் அளவுக்கே வண்டியும் குதிரையைப் பின்னிழுக்குமானால், வண்டி நகர்வது எங்ஙனம்? இரு விசைகளும் இரு வேறு பொருள்கள் மீது செயற்படுவதால் ஒன்றையொன்று அழிப்பதில்லை என்பதே விடை. வண்டியின் இயக்கத்தை அறிய வண்டியின் மீதுள்ள விசைகளை மட்டும் பார்த்தல் வேண்டும். குதிரை குளம்பால் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை குதிரையை முன்னோக்கித் தள்ளுகிறது. எண்ணெய் சிந்திய தரையில் எவ்வளவு வலிய குதிரையும் வழுக்கி நிற்கும்.

எடையும் நிறையும் படுத்தும் பாடு யாவரும் அறிந்ததே. கடைக்காரர் எடைபோட்டுத் தரும் 1 கிலோ சர்க்கரை, இயற்பியலில் எடை அன்று, நிறை. அதன் எடை 9.8 நியூட்டன். நம் முன்னோர் தராசை நிறைகோல் என்றது இங்கே கைகொடுக்கும். இருதட்டுத் தராசு நிறையை ஒப்பிடுவது; நிலவிலும் அதே 1 கிலோவைக் காட்டும். வில்தராசு அங்கே ஆறில் ஒரு பங்கையே காட்டும்.

விண்வெளி வீரர் மிதப்பதைக் கண்டு, அங்கே புவியீர்ப்பு இல்லை என்று முடிவுகட்டுவோர் ஆசிரியருள்ளும் உளர். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கும் தரையிலுள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உண்டு. நிலையமும் வீரரும் ஒருசேரப் பூமியை நோக்கி வீழ்ந்துகொண்டே இருக்கின்றனர். பக்கவாட்டு விரைவு மிகுதியாதலால் தரையைத் தொடாது சுற்றி வருகின்றனர். உடன்வீழும் தரை காலைத் தாங்காது, அதனாலேயே மிதப்பு. 'எடையின்மை' என்னும் சொல்லே இங்கு வழி தவறச் செய்கிறது.

நம் சமுதாயப் பெரியோர் ஆண்டுதோறும் மதிப்பெண்ணுக்குப் பரிசு வழங்கி வருகின்றனர். அது தொடர்தல் வேண்டும். அதனோடு, பள்ளி அறிவியல் விழாவில் ஆண்டின் சிறந்த கேள்விக்கென ஒரு சிறு பரிசும் அறிவிக்கலாம். தேர்ந்தெடுக்கும் குழுவில் இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் இருப்பாராக. முதல் ஆண்டிலேயே மூட்டைக் கேள்வி வந்து சேரும்.