மூன்று வாரத்து இங்கிலாந்து



சென்ற இரண்டு திங்களாக இப்பகுதியில் வீட்டுச் செலவையும் ஊர்ப் பயணத்தையும் பற்றியே எழுதி வந்தோம். இத்திங்கள் சற்றுத் தொலைவு போய்வர எண்ணுகிறோம். ரயில்வே ஊழியராகிய நமக்கு அளிக்கப்படும் இலவசப் பாஸ் செல்லாத தொலைவு அது.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மாலை, அலுவலகம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றிருந்தோம். உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், மடித்து வைத்திருந்த தாள் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். திருநெல்வேலிப் பக்கத்தவர், நம்மினும் பத்து வயது மூத்தவர், நாம் அண்ணாச்சி என்றே அழைப்பது வழக்கம். வழவழப்பான அந்தத் தாளில் கோபுரங்களும், பசும்புல் தரையும், சிரித்த முகத்தோடு சில பிள்ளைகளும் காணப்பட்டனர். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கோடையில் மூன்று வாரம் இங்கிலாந்து சென்று, ஆக்ஸ்போர்டில் தங்கி, ஆங்கில இலக்கியம் பயின்று, இலக்கிய ஆசிரியர்கள் வாழ்ந்த ஊர்களையும் கண்டு வரலாம் என்று அச்சிட்டிருந்தது. கட்டணமும் விமானச் செலவும் சேர்ந்து, நண்பருடைய எட்டு மாதச் சம்பளம்.

"பெண் கேட்கிறாள், தம்பி. பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தில் அவள்தான் முதல். என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

வேண்டாம் என்று சொன்னோம். சற்றுக் கடுமையாகவே சொன்னோம். அதற்கு நம்மிடம் காரணங்கள் இருந்தன. அவை இன்றும் தவறானவை அல்ல என்பதால், பிள்ளைகளை அனுப்ப எண்ணும் அன்பர்களுக்காக இங்கே எழுதுகிறோம். ஆக்ஸ்போர்டில் கோடை விடுமுறைக்கு மாணவர்கள் வீடு திரும்பிய பின் கல்லூரி அறைகள் காலியாகக் கிடக்கின்றன. அவற்றை வாடகைக்கு எடுத்து இத்தகைய வகுப்புகளை நடத்துவோரில் பலர் தனியார் நிறுவனத்தார். அந்த வகுப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தொடர்பு இல்லாமலே இருக்கலாம். அங்கே தரும் சான்றிதழைப் பல்கலைக்கழகத்துப் பட்டயம் போல எண்ணி மாட்டி வைப்பதில் பொருளில்லை. நாள்தோறும் எத்தனை மணி நேரம் பாடம், எந்தெந்த நூல்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர், இரவில் பிள்ளைகளுக்குப் பொறுப்பு யார் என்பனவற்றை எழுத்து மூலம் கேட்டுப் பெறாமல் பணம் கட்டலாகாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் தனியே செல்வதாயின், பெற்றோரின் எழுத்து மூலமான இசைவை விசா விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். மற்றொன்று: நம் நாட்டுக் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகுதான் அவர்களுடைய கோடை வகுப்பு தொடங்குகிறது. பிள்ளை மூன்று வாரப் பாடத்தை இங்கே இழக்கும்.

இவையெல்லாம் சொன்னபின், கடைசியாகப் பணத்தைப் பற்றியும் சொன்னோம். நண்பர் 2004-க்கு முன் பணியில் சேர்ந்தவர். பழைய சேமநல நிதி அவருக்கு உண்டு. (பின்னால் வந்த நமக்கு அந்தப் பேறு இல்லை.) அதில் அவர் சேர்த்திருந்தது பெண்ணின் கல்லூரிப் படிப்புக்காக. "மூன்று வாரத்துக்காக மூன்றாண்டுப் படிப்பின் பணத்தைத் தொடலாமா, அண்ணாச்சி?" என்றோம். நண்பர் ஒன்றும் பேசாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பத்து நாள் நம்மோடு தேநீர் குடிக்க வரவில்லை.

மே மாதம் செய்தி தெரிந்தது. சேமநல நிதியில் முன்பணம் பெற்றாயிற்று. போதாததற்கு அண்ணியாரின் கழுத்துச் சங்கிலி வங்கிக்குப் போயிற்று. பெண் புறப்படுகிறாள். நம்மிடம் விடைபெற வந்தவள், "சித்தப்பா, உங்களுக்கு என்ன வாங்கி வர?" என்று வினவினாள். எதுவும் வாங்க வேண்டாம், இரண்டு இடங்களை மட்டும் நமக்காகப் பார்த்து வா என்றோம்.

ஏன் இரண்டு இடங்கள் என்பதைச் சொல்ல வேண்டும். நாம் பத்தாம் வகுப்பு தேறியவர்கள். அவ்வளவுதான் நம் படிப்பு. ஷேக்ஸ்பியரை மூல நூலில் பயிலும் பேறு நமக்குக் கிட்டவில்லை. பள்ளியில் அவர் உரைநடைக் கதைகளாகத்தான் நம்மிடம் வந்தார். அக்கதைகளை எழுதியவர் சார்லஸ் லாம்பும் அவர் தமக்கை மேரி லாம்பும். நூல் வெளிவந்த ஆண்டு 1807. சார்லஸ் லாம்ப் யார் என்பதைப் பின்னாளில் படித்தபோது நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவர் ஒரு குமாஸ்தா! லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், 1792 முதல் 1825 வரை, முப்பத்துமூன்று ஆண்டுகள் கணக்கெழுதியவர். தம் உண்மையான நூல்கள் அந்த அலுவலகக் கணக்கேடுகளே என்று வேடிக்கையாக எழுதியும் வைத்தார். பகலெல்லாம் நம் நாட்டுச் சரக்கின் கணக்கு; இரவில் இலக்கியம். தமக்கையோ மனநோயுற்றவர். 1796-இல் அந்நோயின் வேகத்தில் தாயையே கொன்றுவிட்ட அவரை, சாகும்வரை பாதுகாக்கும் பொறுப்பைத் தம்பி ஏற்றார். அக்கதைகள் இருபதில் பதினான்கை எழுதியவர் அந்தத் தமக்கைதான். ஆனால் முதற் பதிப்பின் முகப்பில் தம்பியின் பெயர் மட்டுமே இருந்தது. அந்த அலுவலகம் இருந்த இடத்தைப் பார்க்கச் சொன்னோம்.

இரண்டாவது இடம், டிக்கன்ஸின் தந்தை சிறையிருந்த இடம். அவரும் குமாஸ்தா, கடற்படைச் சம்பள அலுவலகத்தில் இருந்தவர். வரவுக்கு மேல் செலவு செய்து, ரொட்டிக் கடைக்காரர் ஒருவருக்கு 40 பவுண்டு 10 ஷில்லிங் கொடுக்க இயலாமல், 1824-இல் மார்ஷல்சி என்னும் கடன்காரர் சிறையில் அடைபட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் சார்லஸ் டிக்கன்ஸ், காலணி மெருகு செய்யும் கிடங்கில் வாரம் ஆறு ஷில்லிங் கூலிக்குச் சாடிகளில் சீட்டு ஒட்டினான். அக்கிடங்கு இருந்த ஆற்றங்கரைப் பகுதியில்தான் இன்று சாரிங் கிராஸ் ரயில் நிலையம் இருக்கிறது. சிறை 1842-இல் மூடப்பட்டது. அதன் நெடுஞ்சுவர் ஒன்று இன்னும் நிற்கிறது. கடன் வாங்கிப் பயணம் போகும் பெண்ணிடம் இதைப் பார்த்து வா என்று சொன்னதில் ஒரு குத்தல் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. நண்பரும் அதைப் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறோம்.

ஆகஸ்டில் பெண் திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியார் வீட்டில் உணவுக்குப்பின், பயணத்தைப் பற்றி நிதானமாகக் கேட்டோம்.

ஸ்ட்ராட்போர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டை அவள் அவ்வளவாகப் பெரிதுபடுத்தவில்லை. கூட்டம் மிகுதி; ஒருவர் பின் ஒருவராக நகர்த்திவிட்டார்கள். கையுறை தைத்து விற்றவர் அவருடைய தந்தை என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தாள். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள குளோப் நாடக அரங்கத்தைப் பற்றியோ அரை மணி நேரம் பேசினாள். 1599-இல் கட்டிய பழைய அரங்கம் 1613-இல் நாடகத்தின் நடுவே பீரங்கி வெடித்தபோது கூரையில் தீப்பற்றி எரிந்து போயிற்று. அதைப் போலவே மரத்தாலும் ஓலையனைய புல்வேய்ந்த கூரையாலும் கட்டிய இன்றைய அரங்கம் திறந்தது 1997-இல். அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் 1993-லேயே மறைந்துவிட்டார். நடு முற்றத்துக்குக் கூரை கிடையாது. மலிவுச் சீட்டுக்காரர்கள் அங்கே நின்றபடியே பார்க்க வேண்டும். மழை பெய்தாலும் குடை விரிக்கக் கூடாது. இவள் மூன்று மணி நேரம் நனைந்துகொண்டு நின்றாளாம். "ஊரில் கொடை விழாவில் கூத்துப் பார்த்த மாதிரி இருந்தது, சித்தப்பா. நடிகர்கள் நம்மைப் பார்த்தே பேசுகிறார்கள்" என்றாள்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் மார்ஷல்சிச் சுவர். பார்த்தாள், படமும் எடுத்து வந்தாள். வெறும் செங்கற்சுவர், பக்கத்தில் ஒரு சந்து. லாம்பின் அலுவலகமோ 1861-லேயே இடிக்கப்பட்டுவிட்டது. அவ்விடத்தில் இப்போது எஃகும் கண்ணாடியுமான லாய்ட்ஸ் கட்டடம் நிற்கிறது. குழாய்களும் மின்தூக்கிகளும் வெளிப்புறத்தில் தெரியும்படி கட்டி 1986-இல் திறந்தது. அந்தப் படத்தை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பத்துமூன்று ஆண்டுக் குமாஸ்தாவின் அடையாளம் அதில் ஒன்றுமில்லை.

ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் இடுகாட்டில் ஜி. யு. போப் அவர்களின் கல்லறையையும் தேடிப் பார்த்திருக்கிறாள். 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்து, அப்பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்து, 1908-இல் மறைந்தவர். தம் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்கச் சொன்னார் என்று நம் மேடைகளில் கேட்டிருக்கிறோம். நாமே ஒருமுறை சங்கத்து விழாவில் பேசியும் இருக்கிறோம். அக்கல்லில் அச்சொற்கள் இல்லை என்று பெண் சொன்னாள். அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு வைத்த கல் என்றே பொறித்திருக்கிறதாம். நம் பேச்சைத் திருத்திக்கொள்கிறோம்.

இனி வகுப்பைப் பற்றி. ஒரு மேசையைச் சுற்றிப் பன்னிருவர். பல நாட்டுப் பிள்ளைகள். குறிப்பு எழுதிப் போடுவதில்லை. இரவு படித்து வர வேண்டும், காலையில் ஆசிரியை, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்பார். முதல் மூன்று நாள் இவள் வாய் திறக்கவில்லை. படிக்காததால் அல்ல. தேர்வுக்கு விடை எழுதத் தெரியும். தான் என்ன நினைக்கிறாள் என்று பள்ளியில் யாரும் கேட்டதில்லை.

நான்காம் நாள் 'டெம்பெஸ்ட்' நாடகம். ஷேக்ஸ்பியரின் கடைசி நாடகங்களுள் ஒன்று. 1611-இல் அரண்மனையில் நடித்தது. கடலில் தள்ளப்பட்ட பிராஸ்பெரோ மகளோடு ஒரு தீவை அடைகிறான். அங்கே காலிபன் என்றொருவன். தாய் இறந்தபின் தனியே கிடந்தவன். அவனுக்குத் தங்கள் மொழியைக் கற்பித்து, பின்னர் அவனையே அடிமையாக்கிக் கொள்கிறார்கள். முன்பு அவனுக்குப் பேச்சே இல்லை, வெறும் உளறல்தான் என்பது அவர்கள் கூற்று. வகுப்பில் ஒரு மாணவன், கற்பித்தவர்களைச் சபிக்கிறானே, நன்றி கெட்டவன் என்றானாம். ஆசிரியை இவள் பக்கம் திரும்பி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

இவள் சொன்ன விடையை அவள் வாயாலேயே கேட்டோம். "அவனைத் தாய் வளர்த்தாள். தாய் வளர்த்த பிள்ளைக்குப் பேச்சு எப்படி இல்லாமல் போகும்? இருந்திருக்கும். அவர்களுக்கு அது புரியவில்லை. புரியாததை உளறல் என்றார்கள் என்று சொன்னேன், சித்தப்பா." பின்னர், தான் ஆறு வயதில் வடக்கே வந்து பள்ளியில் சேர்ந்ததையும் அங்கே சொல்லியிருக்கிறாள்.

அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அண்ணியாரின் கை நின்றுவிட்டது. நண்பருக்குக் குடியிருப்பு கிடைத்துக் குடும்பம் நாகபுரி வந்த ஆண்டு அது. பெண்ணுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. இரண்டு மாதம் கழித்து வகுப்பாசிரியர் தந்தையை வரவழைத்து, "உங்கள் பெண் ஊமையா? மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொன்னார். பிள்ளைக்கு இது தெரியாது என்றே பெற்றோர் பத்தாண்டாக எண்ணியிருந்தனர். அவள் கதவருகே நின்று கேட்டிருக்கிறாள். ஊமை என்னும் சொல்லுக்கு இந்தியில் என்ன என்பதை மட்டும் பக்கத்துப் பெண்ணிடம் மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம்.

இதைச் சொல்ல இங்கிலாந்து போக வேண்டுமா என்று நமக்கும் தோன்றிற்று. அந்நாடகம் நாகபுரியிலும் கிடைக்கும். குறைந்த விலைப் பதிப்பு நம் நிலையத்துப் புத்தகக் கடையிலேயே இருக்கிறது. அந்தக் கேள்விதான் இங்கே கிடைக்கவில்லை. எட்டு மாதச் சம்பளம் அதற்காகப் போயிற்று. நண்பரிடம் நாம் சொன்ன காரணங்கள் சரியானவை. ஆனால் சொன்ன விடை சரிதானா என்று இப்போது உறுதியாகக் கூற இயலவில்லை. சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. சம்பளத்தில் முன்பணப் பிடித்தமும் நடந்துகொண்டிருக்கிறது. இளைய பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளும் தாளைப் பார்த்துவிட்டாள்.

நம் சங்கத்துக் கட்டடத்தில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒரு வாசிப்பு வகுப்பு தொடங்கியிருக்கிறோம். மூத்தவள்தான் நடத்துகிறாள், நாம் பாய் விரிப்பதும் வருகை எழுதுவதும். லாம்பின் நூலிலிருந்து 'டெம்பெஸ்ட்' கதையை ஒரு பத்தி ஆங்கிலத்தில் படித்து, அதைத் தமிழில் சொல்லி, பிறகு ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்கிறாள். சென்ற ஞாயிறு தூத்துக்குடியிலிருந்து புதிதாக வந்த சிறுவன் ஒருவன் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவன் முறை வந்தது. நெடுநேரம் அவள் காத்திருந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள்; அவள் கையமர்த்தினாள்.

"மழை பெஞ்சா அந்தக் காலிபன் எங்க படுப்பான்?" என்றான் சிறுவன்.

அவள் நூலைப் புரட்டித் தேடத் தொடங்கினாள்.