புது வண்டியும் தோள்களும்

பால்மரம் சீவும் சகோதர சகோதரிகளே! நிறையப் பால் கிடைக்கட்டும் என்று ஒருவர் கத்தியை ஆழமாக இறக்குகிறார். எண்ணம் நல்லதுதான், ஆனால் மரத்தில் காயம் விழுகிறது, பட்டை ஒழுங்காக வளர்வதில்லை.

தாவீது அரசனுக்கும் எண்ணம் நல்லதுதான். உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவரப் புது வண்டியில் ஏற்றினான். பாட்டும் மேளமும் முழங்கின. ஆனால், லேவியர் அதைத் தோளில் சுமக்க வேண்டும், தொடவே கூடாது என்பது எண்ணாகமத்தில் உள்ள கட்டளை. வண்டியில் ஏற்றியது முன்பு பெலிஸ்தர் செய்த முறை. மாடுகள் தடுமாறின; ஊசா பெட்டியைப் பிடித்தான்; அங்கேயே மாண்டான்.

பெட்டி 3 மாதம் ஓபேத் ஏதோம் வீட்டில் இருந்தது. தவற்றை உணர்ந்த தாவீது, பிறகு லேவியரின் தோள்களில் அதை ஏற்றினான். அப்போதும் பாட்டும் மேளமும் இருந்தன. கீழ்ப்படிதலால் மகிழ்ச்சி குறைந்துவிடவில்லை.

நமக்கும் ஒரு கட்டளை உண்டு. சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருந்தால், காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சமாதானமாகு என்றார் இயேசு (மத்தேயு 5). உரத்த பாட்டும் பெரிய காணிக்கையும் அதற்கு ஈடாகா.

வரும் ஞாயிறு கோயிலுக்குப் புறப்படுமுன் லயத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.