மருத்துவமாது கம்பனியின் தயவல்ல, எமது உரிமை!

தொழிலாளத் தாய்மார்களே, தோழர்களே!

கிராமத்தில் ஒரு பெண் கர்ப்பமுற்றால் அரசாங்க மருத்துவமாது அவள் வீட்டுக்கே வருகிறார். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு வழியாக வளர்ந்த சேவை அது. பிள்ளைப்பேற்றில் தாய்மார் சாவதை இந்த நாடு வெகுவாகக் குறைத்ததில் அந்தப் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு.

தோட்டத்திலோ நமது தாய்மாரின் நலத்தை நெடுங்காலம் துரைமார் கையில் விட்டார்கள். 1992இல் கம்பனிகள் வந்தன. பொறுப்பு இன்னும் பந்தாடப்படுகிறது. மழை இரவில் மேற்பிரிவு லயத்தில் வலி கண்டால் லொறி தேடி ஓடுவதுதான் நமது தலைவிதியா?

தமிழ் தெரிந்த மருத்துவமாது கிடைப்பதில்லையாம்! உயர்தரம் படித்த நமது பிள்ளைகள் கொழும்புத் துணிக்கடைகளில் நிற்பது கண்ணில் படவில்லையா?

மருத்துவ சபையில் பதியாமல் இத்தொழிலைச் செய்ய முடியாது. அது சரியே, உயிர் விளையாட்டல்ல. ஆனால் பயணச் செலவும் தங்கும் செலவும் பதிவுக் கட்டணமும் கொழுந்துக் கூடையிலிருந்தா வரவேண்டும்? பணமில்லாதவள் மகளுக்குக் கதவடைத்துவிட்டு, ஆளில்லை என்று கைவிரிப்பது என்ன நியாயம்?

நாம் கேட்பது இவைதான்:

தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ்மொழியில் பயிற்சியும் போதிய கொடுப்பனவும் வேண்டும்.

பதிவுச் செலவை அரசே ஏற்க வேண்டும்.

தோட்டங்களில் உழைக்கும் தகுதிபெற்ற மருத்துவமாதரை அரச சேவையில் சேர்க்க வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆண்களும் பெண்களும் எழுந்து கேளுங்கள்: "எங்கள் பிரிவுக்கு மருத்துவமாது எப்போது?" பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.