டிக் அடித்தால் கசிவு நிற்காது

பதிவு கொஞ்சம் நீளம். காலையில் காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரலாம். வந்தால் பரவாயில்லை, அதையும் கீழே எழுதுங்கள்.

என் தங்கை மகன் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான் என்பது உறவுகளுக்குத் தெரியும். கடன் வாங்கி ஒரு பெரிய கம்ப்யூட்டர் வாங்கினான். சூட்டைத் தணிக்க மின்விசிறி போதாது என்று, உள்ளே தண்ணீர் சுற்றும்படி பம்ப், ரேடியேட்டர், சிறிய தொட்டி எல்லாம் வைத்து ஒரு கடையில் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி, முகூர்த்த மாதத்து வேலை நடுவில், திரை அணைந்தது. திறந்து பார்த்தால் கிராபிக்ஸ் கார்டு நனைந்திருக்கிறது, தொட்டி காலி, பம்ப் சுற்றவில்லை.

கடைக்காரர் சொன்ன பதில்: "தண்ணி பட்டா வாரண்டி கிடையாது சார்."

பில்லோடு பின் அடித்திருந்த தாளை அப்புறம்தான் பார்த்தேன். 'பம்ப் சோதனை – சரி. கசிவுச் சோதனை – சரி.' இரண்டுக்கும் எதிரே அழகாக டிக். கீழே கையெழுத்து. "எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். மாட்டிய தம்பி முதலாளியைப் பார்த்தான். முதலாளி, "எல்லாம் பாத்துத்தான் சார் குடுப்போம்" என்றார். மணிக்கணக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை.

என் சண்டை அந்தத் தம்பியோடு அல்ல, அந்த டிக்கோடு.

நடந்தது இதுதான். ஒரு இணைப்பில் ரப்பர் வளையம் மடங்கியிருந்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகித் தொட்டி காலியானது. இந்த வகை பம்புக்குள் இருக்கும் தண்ணீர்தான் அதன் பேரிங்குக்கு எண்ணெய். வறண்டு ஓடினால் தேய்ந்து நின்றுவிடும். பம்பின் வேகத்தைச் சொல்லும் ஒயரை மதர்போர்டில் குத்தியிருந்தால், சுற்று குறைந்ததும் கம்ப்யூட்டரை எச்சரிக்க வைத்திருக்கலாம். அந்த ஒயர் சுருட்டிக் கட்டப்பட்டு ஓரமாகக் கிடந்தது. ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்திருந்தால் இத்தனையும் கடையிலேயே தெரிந்திருக்கும்.

புது பம்ப் வாங்கி, நானும் மருமகனும் வீட்டிலேயே மாட்டினோம். டி5 என்ற வகை, 12 வோல்ட். "மாமா, இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றான். வீட்டுக் கிணற்று மோட்டாரில் ஏர் பிடித்தால் வாயில் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறோமே, அதே பாடம்தான் என்றேன். சுழல் பம்ப் தண்ணீரைத் தள்ளும், காற்றை இழுக்காது. காற்று தண்ணீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி குறைந்தது. அதே வேகத்தில் சுற்றினாலும் அழுத்தம் உண்டாகாது. ஆகவே தொட்டி மேலே, பம்ப் கீழே. தண்ணீர் தானாக வந்து பம்பின் நடுத்துளையில் இறங்க வேண்டும், பக்கத்துளையில் வெளியேற வேண்டும். அதிர்வு பெட்டிக்குப் போகாமல் அடியில் ரப்பர் மெத்தை. இணைப்புகளை ஸ்பேனர் போடாமல் கையால் மட்டும் இறுக்கினோம். அடைப்பது ரப்பர் வளையம்தான். முரட்டுத்தனமாக இறுக்கினால் அது நசுங்கும்.

தண்ணீர் என்றால் போர் தண்ணீர் அல்ல, கேன் தண்ணீரும் அல்ல. டிஸ்டில்ட் வாட்டர், அதோடு பாசியும் அரிப்பும் வராமல் இருக்க அதற்கென்றே விற்கும் மருந்து. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கும் என்று பத்தாம் வகுப்பில் சொன்னேனே, நினைவிருக்கிறதா? ரேடியேட்டர் எந்த உலோகம் என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்றினோம்.

இனி சோதனை. மதர்போர்டு, கார்டு எல்லாவற்றின் மின் இணைப்பையும் கழற்றிவிட்டோம். பவர் சப்ளையின் 24 முனைப் பிளக்கில், அதை மட்டும் தனியாக ஓடவைக்கச் சின்னதாக ஒரு பிளக் விற்கிறார்கள். அதைச் செருகினால் பம்ப்புக்கு மட்டும் மின்சாரம். தண்ணீர் கசிந்தாலும் உயிருள்ள போர்டு மேல் விழாது. தொட்டியை நிரப்பி இரண்டு மூன்று நொடி ஓட்டினோம். மட்டம் இறங்கியதும் நிறுத்தி மறுபடி நிரப்பினோம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. பெட்டியை அப்படியும் இப்படியும் சாய்த்ததும் குமிழிகள் மேலே வந்தன. ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் மடித்து வைத்தோம்.

இரண்டாவது மணி நேரம், ரேடியேட்டர் மூலையில் வைத்த பேப்பரில் காசு அளவு ஈரம்.

மருமகன் முகம் வாடியது. எனக்கு மகிழ்ச்சி. ஈரமானது பேப்பர்தானே! தண்ணீரை வடித்துக் கழற்றி, முறுக்கியிருந்த வளையத்தை மாற்றி, மறுபடி பூஜ்யத்திலிருந்து 24 மணி நேரம். இந்த முறை எல்லாப் பேப்பரும் காய்ந்தே இருந்தன. அப்புறம்தான் போர்டுகளுக்கு மின்சாரம். வேக ஒயரை மறக்காமல் குத்தினோம்.

"சத்தம் கேட்டா ஓடுதுன்னு அர்த்தம், போதாதா?" என்று உறவில் ஒரு இன்ஜினியர் போனில் கேட்டார். போதாது. காற்றில் சுற்றும் பம்ப்பும் சத்தம் போடும். சுமை இல்லாததால் சுற்று கூடவும் செய்யும். பிராசஸருக்கு முழு வேலை கொடுத்து, அதன் சூடு ஓரிடத்தில் வந்து நிற்கிறதா என்று அரை மணி நேரம் பார்க்க வேண்டும். தண்ணீர் நகரவில்லை என்றால் சூடு விறுவிறுவென 100 டிகிரியை நோக்கிப் போகும். எங்களுக்கு ஏறி, நின்றது. அதுதான் சோதனை.

இனி கோபம் வரப்போகும் இடம்.

உங்களில் எத்தனையோ பேர் இன்று சோதனைத் தாளில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறீர்கள். லிப்ட், பாலம், மருந்து, பள்ளி வேன். "நேரம் இல்லை சார், டார்கெட் சார்" என்பீர்கள். தெரியும். வாங்குகிறவனும் "இன்னைக்கே வேணும்" என்று நிற்கிறான். என் மருமகனும் அப்படித்தான் நின்றான். ஆனால் நேரம் இல்லை என்றால் 'சோதிக்கவில்லை' என்று எழுதுங்கள். அது கௌரவமான சொல். அதைப் படிக்கிறவன் தானாவது ஒரு ராத்திரி ஓட்டிப் பார்ப்பான். 'சரி' என்ற பொய் அவன் கையிலிருந்து அந்த வாய்ப்பையும் பறித்துவிடுகிறது.

இதை உங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். தனி ஊசல் செய்முறையில் ரெக்கார்டு நோட்டில் எல்லாருக்கும் 980 வந்ததே, எப்படி வந்தது? விடையை முதலில் எழுதி, அளவுகளைப் பின்னால் நிரப்பினீர்கள். எனக்குத் தெரியும். பரீட்சை நெருங்குகிறது என்று சிவப்பு மையில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். 940 என்று நேர்மையாக எழுதி வந்த பையனைத்தான் "திரும்பச் செய்" என்று அனுப்பினேன். அந்தத் தம்பியின் டிக்கைப் பார்த்தபோது என் பேனாதான் நினைவுக்கு வந்தது.

கார்டு போன பணம் இனி வராது. மருமகன் பழைய கார்டை வைத்து, முகூர்த்த வேலைகளை ராத்திரி விழித்து முடித்துக்கொண்டிருக்கிறான். கடன் தவணை நிற்கவில்லை.

இனி யார் எதை மாட்டிக் கொடுத்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள்?" உங்களிடம் யாராவது அதைக் கேட்டால் முகம் சுளிக்காமல் எண்ணைச் சொல்லுங்கள். அந்த 940 பையன் இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் செய்யட்டும். மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்