தேட்டத்திற் பாதி, தியாகத்தில் முழுமையோ?

கணவனுக்கு இடமாற்றம் வந்தால் மனைவி உத்தியோகத்தைத் துறக்கின்றாள். மனைவிக்கு இடமாற்றத்துடன் பதவியுயர்வு வந்தால் அவள் அப்பதவியுயர்வைத் துறக்கின்றாள். இரண்டையும் இயல்பென்றே நம் சமூகம் ஏற்றுக்கொண்டுள்ளது. எந்தப் பக்கம் தராசு தாழ்ந்தாலும் இழப்பவள் பெண்ணே என்றால், அத்தராசைச் சோதிப்பது நம் கடன் அன்றோ?

விவாக காலத்தில் ஈட்டிய பொருளைத் தேடியதேட்டம் என வகுத்து, ஒருவர் இறப்பின் அதிற் பாதி மற்றவர்க்கே உரியதென்பது நமது தேசவழமை. பொருளைத் தேடுவதில் இருவரும் பங்காளிகள் என்பதே அதன் உட்கருத்து. எனினும், அம்மரபு பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ, மனைவி தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்றலாகாதென விதித்தது. மேலும், குடும்பத் தேட்டத்திற்காக அவள் கைவிட்ட உத்தியோகமும் இழந்த ஓய்வூதியமும் எந்தத் தேட்டக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பால் காரணமாகப் பாகுபாடு காட்டலாகாது என்கிறது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. சம ஊதியம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993இல் ஏற்றது. பல்கலைக்கழகம் புகுவோரில் இன்று பெண்களே பெரும்பாலார். ஆயினும் உழைக்கும் வயதுப் பெண்களுள் ஏறக்குறைய மூவரில் ஒருவரே தொழிற்படையில் உள்ளார். கற்ற கல்வி எங்கே போயிற்று?

பிரசவ விடுமுறைக் காலச் சம்பளத்தைத் தனியார் துறையில் முதலாளியே சுமக்கின்றார். ஆதலின் பெண்ணை வேலைக்கு அமர்த்த அவர் தயங்குகின்றார். அச்செலவைப் பொதுநிதி தாங்கி, தந்தைக்கும் தக்க விடுமுறை அளித்தாலன்றி இத்தயக்கம் நீங்காது.

கமக்காரர் இது உத்தியோகத்தர் விவகாரம் என ஒதுங்கவேண்டாம். மண்வெட்டி பிடிக்கும் கடின வேலைக்குக் கூடிய கூலி என்பர், இருக்கட்டும். ஒரே வெங்காயப் பாத்தியில் ஒரே களையைப் பிடுங்கும் இருவருக்கு இரு கூலி எந்த நியாயத்தில்?

குடும்பம் விட்டுக்கொடுத்தலால் நிலைப்பது என்பதை நாம் மறுக்கவில்லை. இருவரும் மாறிமாறி விட்டுக்கொடுப்பது இல்லறம். என்றும் ஒருவரே விட்டுக்கொடுப்பது தண்டம்.

எண்ணிக்கையிற் பெரியோர் விருப்பமே நீதியாகாது என்று நாட்டுக்குச் சொல்லும் நாம், வலியோர் விருப்பமே வீட்டில் நீதி என்று வாளாவிருத்தல் தகுமோ? அடுத்த இடமாற்றக் கடிதம் வரும் நாளில், யார் விடுவது என்பதை இருவரும் ஒருங்கிருந்து தீர்மானிப்பாராக. உரிமைக் குரலின் நேர்மை அங்கே சோதிக்கப்படும்.